மஞ்சள் அடிக்காத லைட்டு

ஏணி மேல் நிற்கிறவனுக்குக் கீழே நிற்கிறவர்கள் எல்லோருமே முதலாளிகள். இடது பக்கம் தள்ளு என்பார்கள், வலது பக்கம் தள்ளு என்பார்கள், தள்ளி முடித்து ஸ்க்ரூவை முறுக்கிய பிறகு முதலில் இருந்ததே தேவலை என்பார்கள். இதற்கெல்லாம் கோபப்பட்டால் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்க முடியாது. நான் பொறுமைசாலி. என் வீட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அது வேறு விஷயம். ஆனால் அந்த மேட்சிங் கடைக்கு லைட்டு போட்டேனே, அந்தப் பொல்லாத வேலையில் ஏணியை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று பல தடவை நினைத்திருக்கிறேன். ஏணி என் சொந்த ஏணி என்பதால் ஓடவில்லை.

மேட்சிங் கடை என்றால் தையல்காரர்கள் வந்துபோகிற கடை. நூல், பட்டன், ஜிப், லைனிங் துணி, லேஸ் எல்லாம் இருக்கும். துணியில் ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டினால் அதே நிறத்தில் நூலும் பட்டனும் எடுத்துக் கொடுப்பார்கள். இதில் என்ன பெரிய வித்தை என்று நினைக்கக்கூடாது. பச்சை நூல் மட்டுமே அங்கே ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. ஒரு பச்சைக்கும் அடுத்த பச்சைக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டால், 'உனக்கும் உன் அண்ணனுக்கும் என்ன வித்தியாசமோ அதான்' என்பாள் அக்கா.

அக்கா என்றால் எனக்கு மட்டும் அக்கா இல்லை. தெருவில் இருந்த தையல்காரர்கள், சரக்கு கொண்டுவருகிற கம்பெனி ஆட்கள், பக்கத்துக் கடை ஸ்டுடியோக்காரர் எல்லோருக்கும் அவள் அக்காதான். அந்தக் குடும்பத்தில் எல்லா உறவும் அக்காவிலிருந்துதான் அளக்கப்படுகிறது. கடை யார் பெயரில் இருக்கிறதோ அவன் தம்பி. அவன் கட்டிக்கொண்டு வந்தவள் தம்பி மனைவி. தம்பியும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஒரே வருஷம் ஃபெயில் ஆனவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் அக்கா என்னையும் டா போட்டுக் கூப்பிடுவாள்.

அப்பா அம்மா போன பிறகு, ஒரு தையல் கடையின் மூலையில் பட்டன் தட்டை வைத்து விற்கத் தொடங்கித் தம்பியை வளர்த்தவள் அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'மேட்ச் ஆகல' என்று ஒரே பதில். தட்டு பெட்டியாகி, பெட்டி கடையானதெல்லாம் அவள் கண்ணால் ஆனது. துணியை வாங்கி ஒரு தடவை பார்ப்பாள், அலமாரிக்குப் போவாள், கை நேராக ஒரு நூற்கண்டின் மேல் போய் விழும். கண்டைத் துணி மேல் வைத்து 'ஆச்சு' என்பாள். அந்த 'ஆச்சு' வந்தால்தான் கடையில் கத்தரிக்கோல் அந்த நிறத்துக்கு லைனிங்கோ லேஸோ வெட்டும். தம்பி சொல்லி வெட்டியதில்லை, தம்பி மனைவி சொல்லி வெட்டியதில்லை. கடை தொடங்கிய நாளிலிருந்து அது சட்டம். சந்தேகப்பட்டு யாராவது நின்றால், 'வாசல்ல வச்சுப் பாத்துக்கோங்க' என்று அனுப்புவாள். வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வருவார்கள். 'என் கண்ணு போச்சுன்னா அன்னைக்கே நான் கடைப்படிய விட்டு இறங்கிடுவேன், அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை' என்று ஜம்பமாகச் சொல்வாள். நாங்களும் சிரிப்போம்.

தெருக்கடையை இடிக்கப்போகிறார்கள் என்று ஆனதும் புதிதாகக் கட்டிய வணிக வளாகத்துக்குள் இடம் பிடித்தார்கள். பழைய கடையைப் போல இரண்டு மடங்கு. வழவழவென்று தரை, கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் உண்டு. இல்லாதது ஜன்னல். வாசல் என்று ஒன்று இருந்தது, ஆனால் அது வராந்தாவில் திறந்தது. வெயிலைப் பார்க்க வேண்டுமென்றால் வராந்தா முழுக்க நடந்து, படி இறங்கி, வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் போக வேண்டும். ஆகவே வாசல் செய்த வேலையை இனி லைட்டு செய்தாக வேண்டும் என்று முடிவாகி, என்னைக் கூப்பிட்டார்கள்.

தம்பிக்கு இருந்த கவலை வேறு. வளாகத்தில் கரண்ட்டுக்குக் கடுமையான கணக்கு. பழைய சோக்கு வைத்த ட்யூப்லைட்டுகளை மாட்டினால் பில்லும் ஏறும், சூடும் ஏறும், அந்தச் சூட்டைத் தணிக்க ஏசி இரண்டு பங்கு ஓடும். "வெளிச்சம் பளிச்சுனு இருக்கணும், கரண்ட்டு தின்னக்கூடாது" என்றான். எல்லோரும் கேட்பது அதுதான். அதற்கு இப்போது எல்இடியில் வேண்டிய மட்டும் வந்திருக்கிறது. ஆனால் துணிக்கடை சங்கதிக்குப் பளிச்சென்று இருந்தால் போதாது, நிறம் நிறமாகத் தெரிய வேண்டும் என்று நான் சொன்னேன். நல்ல லைட்டுப் பெட்டியில் அதற்கென்று நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் போட்டிருப்பான். அது குறைந்தால் கத்தரிக்காய் நிறமும் பழுப்பும் ஒரே மாதிரி ஆகிவிடும்.

ஒரு பலகையில் நான்கு வகை லைட்டை மாட்டி, நான்குக்கும் தனித்தனி சுவிட்சு வைத்து, பெயின்ட் வாசனை போகாத அந்த வெறும் கடையில் சுவரோடு சாய்த்து நிறுத்தினேன். ஒன்று வீட்டு பல்பைப் போல மஞ்சள். ஒன்று அதைவிட வெளுப்பு. மூன்றாவது காலை பத்து மணி வெயில் மாதிரி. நான்காவது நல்ல வெள்ளை, கொஞ்சம் நீலம் கலந்தது. அக்கா ஒரு மூட்டைத் துணித்துண்டுகளோடு வந்தாள். ஒவ்வொரு லைட்டின் கீழும் ஒவ்வொரு துண்டாகப் பிடித்துப் பார்த்தாள்.

"மஞ்சள் அடிக்குது" என்றாள் முதலாவதற்கு. அது சரி. இரண்டாவதற்கும் அதையே சொன்னாள். மூன்றாவதற்கும் சொன்னபோது நான் சுவிட்சு மாறிப் போட்டுவிட்டேனா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"எனக்கென்னமோ இது நல்லாயிருக்குக்கா" என்றாள் தம்பி மனைவி, மூன்றாவதைக் காட்டி. "இதுல துணி துணியாத் தெரியுது."

"உனக்குத் தெரியுது" என்றாள் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தம்பி மனைவி அந்த வீட்டுக்கு வந்து மகளைக் கல்லூரிக்கு அனுப்புகிற அளவுக்கு வருஷமாகிவிட்டது, ஆனால் நிறத்தைப் பற்றி அவளுக்கு ஒரு சொல் கிடையாது. பில் போடலாம், சரக்கு அடுக்கலாம், லேஸ் சுற்றலாம். அவள் புருஷனுக்கும் அதே கதிதான், ஆனால் அவன் அதைக் கதியாக நினைக்கவில்லை. 'அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்ற வாக்கியத்தை அவன் மூச்சு விடுவதுபோல விடுவான்.

நான்காவதுதான் முடிவாயிற்று. அதையும் அரைமனதாகத்தான் ஒத்துக்கொண்டாள். சதுரப் பலகை மாதிரி கூரையில் பதிகிற லைட்டுகளை வரிசையாக மாட்டினேன். கழுத்து சுளுக்கிக்கொண்டது. எல்லாவற்றையும் ஒருசேரப் போட்டதும் கடை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் மூக்குத் தண்டின் ஓரத்தில் இருக்கும் நரம்பெல்லாம் தெரிந்தது. அக்கா நடுவில் நின்று அண்ணாந்து பார்த்து, கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"என்னடா, லைட்டைச் சுத்தி வளையம் வளையமாத் தெரியுது. மட்டமான சரக்கு வாங்கிட்டியா?"

வளையமா, எங்கே வளையம் என்று நான் ஏணியை நகர்த்தி நகர்த்தித் தேடினேன். பெட்டியைக் கொண்டுவந்து கம்பெனி பெயரைக் காட்டினேன். "கம்பெனி பேரு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலில் வீட்டுக்குப் போய்க் காரணமில்லாமல் மிக்ஸியைத் திட்டினேன்.

கடை திறந்து வியாபாரம் தொடங்கிய பிறகாவது விட்டுவிடுவாள் என்று பார்த்தால் அப்புறம்தான் தொல்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை தம்பியிடமிருந்து ஃபோன் வரும். அக்காவுக்கு இன்னும் மஞ்சள் அடிக்கிறதாம். நூல் அலமாரிக்கு மேலே வெளிச்சம் பத்தவில்லையாம். சரி என்று அலமாரிக்கு மேலே தண்டவாளம் மாதிரி ஒரு கம்பியைப் பதித்து, திருப்பி வைத்துக்கொள்கிற மாதிரி லைட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டேன். அதுவும் மங்கல். அதைக் கழற்றிவிட்டு இன்னும் வெள்ளையாக, இன்னும் அதிக வாட்டில் போட்டேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற மாதிரி, கரண்ட்டை மிச்சம் பிடிக்கப் புறப்பட்ட கடையில் பழைய ட்யூப்லைட்டு தின்றதைவிட அதிகமாக எல்இடி தின்றது. தம்பி பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். பிறகு அந்த வாக்கியத்தையும் விடுவான்.

தையல்காரப் பெண்கள் உள்ளே வந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு தனக்கு உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா என்று கேட்டாளாம். தம்பி மனைவிக்குச் சாயந்திரமானால் தலைவலி. ஒருநாள் மத்தியானம் பின்னால் இருந்த சின்ன அறையில் சாப்பிட உட்கார்ந்தோம். சோறு, பருப்பு, முட்டைப் பொரியல். அந்த வெளிச்சத்தில் முட்டை சாம்பல் நிறத்தில் இருந்தது, வாயில் வைக்க மனசு வரவில்லை. அக்கா மட்டும் ரசித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டு எழுந்து எனக்கு டீ ஊற்றினாள். பாதி டீ டம்ளருக்கு வெளியே போனது. "டம்ளர் வாய் சின்னதாப் பண்றானுங்க இப்பல்லாம்" என்றாள். முந்தின வாரம் ஊசியில் நூல் கோர்க்க முடியாதபோது நூல் கம்பெனிக்காரனைத் திட்டியிருக்கிறாள், பிசிறு பிசிறாக நூல் நூற்கிறான் என்று. பேருந்தின் பெயர்ப்பலகையில் எழுத்தைப் பொடியாக எழுதிவிட்டான் என்று அந்த டிரைவரையும் திட்டியிருக்கிறாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று தம்பி மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே முணுமுணுத்தாள். தம்பி காதில் அது விழுந்துவிட்டது. பெருமாள் சிலையைக் காலால் மிதித்துவிட்டவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். அவள் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. இந்த லைட்டுல மஞ்சள் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "கேட்டுக்கோங்க" என்றாள் புருஷனிடம். அவனுக்குத் தெரியாதாம், அக்காவுக்குத் தெரிகிறது நமக்கெல்லாம் தெரியாதாம், அவள் கண் அப்படியாம். அவள் கண்ணை நம்பி நம்பி இவன் தன் கண்ணை எங்கேயோ அடகு வைத்துவிட்டான் என்று எனக்குப் பட்டது. அடகு என்னவோ நானும்தான் வைத்திருந்தேன். இல்லாவிட்டால் லைட்டைப் பார்த்து வளையத்தை ஏன் தேடினேன்?

அந்த நிலைமையில்தான் தையல் மாஸ்டர் வந்தார். ஒரு ஹோட்டலின் ஆட்களுக்கு மொத்தமாகச் சீருடை தைக்கிறவர், அக்காவிடம் பல காலமாக நூல் வாங்குகிறவர். பையிலிருந்து ஒரு கறுப்புக் கால்சட்டையை எடுத்துக் கவுன்டரில் விரித்தார். கறுப்புத் துணி. தையல் முழுக்க நேவி ப்ளூ. கடையில் பார்க்கும்போது அந்த நீலம் சுமாராகத்தான் தெரிந்தது. தைத்துக்கொடுத்த பிறகு ஹோட்டல்காரர் வெயிலில் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாராம். எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். கோபப்படக்கூட இல்லை அந்த மனுஷன். அக்கா கொடுத்ததில் இப்படி ஆகுமா என்ற ஆச்சரியம்தான் அவருக்கு இருந்தது.

அக்கா கால்சட்டையைத் தூக்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தூரத்தில் பிடித்தாள். பிறகு அலமாரி மேலே அண்ணாந்து பார்த்தாள், அதற்கப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். லைட்டு சரியில்லடா. இந்த லைட்டுல கறுப்பு எது நீலம் எதுன்னு எவனுக்குத் தெரியும்? கழட்டு எல்லாத்தையும்."

தம்பி தலையாட்டத் தொடங்கிவிட்டான். நானும் அனிச்சையாக ஏணியைத் தொட்டுவிட்டேன். அப்போதுதான் தம்பி மனைவி பில் போடுகிற இடத்தைவிட்டு எழுந்தாள். அலமாரிக்குப் போய் இரண்டு நூற்கண்டை எடுத்தாள். அவள் முகம் சிவந்திருந்ததா என்று சொல்ல முடியாது, அந்த லைட்டில் யார் முகமும் சிவக்காது.

"அண்ணே, ஏணிய விடுங்க. அக்கா, லைட்டே வேண்டாம். வெளிய வாங்க."

எங்கே என்று அக்கா கேட்டாள். வாசலுக்கு என்றாள் இவள். நம் பழைய வாசல்தான் இல்லை, வெயில் அப்படியேதான் இருக்கிறது என்றாள். யாரும் தடுப்பதற்குள் கண்ணாடிக் கதவைத் திறந்து நடந்துவிட்டாள். அக்கா பின்னால் போனாள், தோற்கப் பழகாதவள் போகிற விதத்தில். தம்பி, மாஸ்டர், நான். வராந்தா முழுக்க நடந்து, படி இறங்கி, வண்டிகளுக்கு நடுவே போய் நின்றோம். நல்ல வெயில். படியில் அக்கா கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கியதை அன்றுதான் நான் கவனித்தேன்.

தம்பி மனைவி இரண்டு கண்டையும் அக்கா கையில் கொடுத்தாள். "இதுல எது கறுப்புன்னு சொல்லுங்கக்கா."

அக்கா ஒரு கையில் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். திருப்பினாள். "ரெண்டும் கறுப்புதான். இதென்ன கேள்வி?"

இடது கையில் இருந்தது நேவி ப்ளூ. அந்த வெயிலில் அது நீலம் என்று பச்சைக்குழந்தைகூடச் சொல்லும். மாஸ்டர் தரையைப் பார்த்தார். தம்பி மனைவி தன் புருஷனைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள் என்றாள். ஒருநாளாவது சொல்லுங்கள் என்றாள்.

"ரெண்டும் கறுப்புதான்" என்றான் தம்பி.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அங்கேயே நான்கு அறை அறைந்திருப்பேன். தலைக்கு மேலே சூரியன் நிற்கிறது, அதற்குக் கீழே நின்றுகொண்டு நீலத்தைக் கறுப்பு என்கிறான் படுபாவி. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது கை எழவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு இல்லை, அதற்கு வெகு நாள் முன்பே தெரிந்திருக்கிறது. கடைப்படியை விட்டு இறங்கிவிடுவேன் என்று அவள் சொன்னதை நாங்களெல்லாம் சிரித்துக்கொண்டு கேட்டோமே, அவன் சிரிக்காமல் கேட்டிருக்கிறான். அதற்குப் பயந்துதான் கூரை முழுக்க லைட்டு வாங்கி மாட்டிக்கொண்டே இருந்திருக்கிறான்.

அக்கா மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏண்டா இவ்வளவு வேகமாச் சொல்ற?"

அவன் வண்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஃபெயிலான அன்னைக்கும் இப்படித்தான் சொன்ன. நான் கேக்கறதுக்கு முன்னாடியே பாஸுன்னு." அவள் மாஸ்டரைப் பார்த்தாள். "மாஸ்டர், நீங்க சொல்லுங்க. உங்களுக்கு நான் சோறு போடல. எது நீலம்?"

மாஸ்டர் தயங்கித் தயங்கி அவள் இடது கையைத் தொட்டார். அக்கா அந்தக் கண்டை வெகுநேரம் பார்த்தாள். நூலைக் கொஞ்சம் பிரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு இரண்டையும் தம்பி மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, மாஸ்டரிடம் மன்னிச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டு, கடைக்குத் திரும்பாமல் அப்படியே வீட்டுக்கு நடந்தாள். கைப்பை கடையிலேயே கிடந்தது.

அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை. ஆனால் போகாமலும் இருக்க முடியவில்லை. தம்பி மனைவியோடு தம்பி பேசவில்லை. நாலு பேர் முன்னால் அக்காவை அவமானப்படுத்திவிட்டாளாம். பிறகு பேசத் தொடங்கினான், பேசாமலே இருந்திருக்கலாம். அவளும் சும்மா இருக்கவில்லை. முதல் நாளே தான் சொன்னதாகவும், சொன்ன வாயை அடைத்தது யார் என்றும் கேட்டாள். அக்கா தன் அறையில் உட்கார்ந்து பழைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு எங்காவது ஒரு சின்ன அறை வாடகைக்குப் பார்த்துக் கொடு என்றாள். வேலை இல்லாத ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கக்கூடாது என்றாள். எதுக்கு இந்தப் பேச்சு என்று நான் இழுத்தேன்.

"கண்ணு இல்லாத நான் இவங்களுக்கு என்னடா? சோத்துக்கு ஒரு தட்டு."

கதவருகே நின்ற தம்பி மனைவி உள்ளே வந்தாள்.

"உங்களை வாய்க்கு வந்தபடி எத்தனையோ நாள் மனசுக்குள்ள திட்டியிருக்கேன். ஆனா ஒருநாளும் தட்டை நெனச்சதில்ல" என்றாள். "கிளம்புங்க. டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன். வரமாட்டேன்னு சொன்னீங்கன்னா நானும் கடைக்குப் போகமாட்டேன். உங்க தம்பி தனியா உக்காந்து நீலத்தையெல்லாம் கறுப்புன்னு வித்துக்கிட்டிருக்கட்டும்."

இந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அக்கா எழுந்தாள் என்று நினைக்கிறேன். கடை கெட்டுப்போவதை நினைத்தால் அவளுக்குப் பொறுக்காது.

கண்ணில் புரை. இரண்டு கண்ணிலும், நன்றாக முற்றியது. டாக்டர் எவ்வளவு சாவகாசமாகச் சொன்னார் என்றால், கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. புரை விழுந்தால் உலகமே டீ நிறைந்த கண்ணாடி டம்ளர் வழியாகப் பார்ப்பதுபோல மஞ்சளாகத்தான் தெரியுமாம். நீலமும் கறுப்பும் முதலில் ஒட்டிக்கொள்ளுமாம். லைட்டைச் சுற்றி வளையம் தெரியுமாம். எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தால் சரியாகிவிடும், முதலில் ஒரு கண், அது ஆறியதும் இன்னொன்று என்றார். முன்னாலேயே ஏன் வரவில்லை என்று கேட்டார். "லைட்டுதான் சரியில்லன்னு நெனச்சேன்" என்றாள் அக்கா. இதற்காகவா இத்தனை லைட்டு, இத்தனை ஏணி, இத்தனை சண்டை என்று எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. தம்பி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அழுகிறானா என்று பார்த்தேன், அழுதுகொண்டுதான் இருந்தான்.

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து, சொட்டு மருந்தெல்லாம் விட்டு ஆறிய பிறகு ஒருநாள் காலையில் அக்கா கடைக்கு வந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு லைட்டு மினுக்கிக்கொண்டிருந்ததால் நான் ஏணி மேல் இருந்தேன். கடை நடுவில் வந்து நின்று கண்ணாடியைக் கழற்றினாள். மேலே பார்த்தாள். நூல் அலமாரியைப் பார்த்தாள். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். அவள் வாய் திறந்தபடி நின்றது.

"எந்த மடையன்டா இந்த லைட்டப் போட்டது?"

தம்பி என்னைப் பார்த்தான், துரோகி.

"பொணக்கிடங்கு மாதிரி இருக்கே. இதுலயா இத்தன நாள் வியாபாரம் பண்ணீங்க? உங்களுக்கெல்லாம் கண்ணு இல்லையா?"

"நீங்கதானேக்கா கேட்டீங்க" என்றேன்.

"நான் கேப்பேன். எனக்குப் புரை. உனக்கென்ன கேடு?"

ஏணி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா வலது கண்ணைக் கையால் மூடி ஒருதரம் பார்த்தாள், இடது கண்ணை மூடி ஒருதரம் பார்த்தாள். மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே கடை முழுக்க நடந்தாள். இந்தக் கண்ணுக்கு இது வேறு கடை, அந்தக் கண்ணுக்கு வேறு கடை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு தம்பி மனைவியின் எதிரில் வந்து நின்றாள்.

"அன்னைக்குப் பலகைல நாலு லைட்டு மாட்டினானே. நீ எதைக் காட்டின?"

"மூணாவது."

"ஒரு தடவை சொல்லிட்டு விட்டுட்ட. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்ல?"

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். நியாயம் கேட்க அந்த ஊரில் எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மூன்றாவது வகையில் கூரை முழுக்க மாற்றுவதென்றும், அலமாரி மேலே இருக்கும் கூடுதல் கம்பியை எடுத்துவிடுவதென்றும் அங்கேயே முடிவாயிற்று. கரண்ட்டு பாதியாகக் குறையும் என்று சொன்னேன். அந்த நல்ல சேதியை யாரும் காதில் வாங்கவில்லை.

புது லைட்டு போட்ட அன்று மாலை, கடைசி வரிசையை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் பச்சைத் துணித்துண்டோடு நூலும் லைனிங்கும் கேட்டு வந்தாள். பச்சையிலும் குழப்பமான பச்சை, கொஞ்சம் சாம்பல் ஓடியது. அக்கா துண்டை வாங்கினாள். பார்த்தாள். அலமாரிக்குப் போனாள். கை பழையபடி நேராகப் போய் ஒரு கண்டின் மேல் விழுந்தது. கொண்டுவந்து துணி மேல் வைத்தாள். தம்பி லைனிங்கை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அந்தச் சொல்லுக்காகக் காத்து நின்றான். நானும் ஸ்க்ரூவை முறுக்காமல் நின்றேன்.

சொல் வரவில்லை. அக்கா தலையை நிமிர்த்திப் பில் போடுகிற பக்கம் பார்த்து, "இங்க வா. சரியா இருக்கா பாரு" என்றாள்.

"சரியாத்தான்கா இருக்கு" என்றான் தம்பி.

"உன்ன எவன்டா கேட்டான்?"

தம்பி மனைவி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். துணியையும் நூலையும் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். வந்திருந்த பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். சரி என்று சொல்லித் தொலையேன் தாயே என்று நான் மேலேயிருந்து வேண்டிக்கொண்டேன். அக்காவின் முகத்தில் எவ்வளவு ஆசை இருந்தது என்று அவளுக்கும் தெரியாமலா இருக்கும்?

"இல்லக்கா" என்றாள். "ஒரு பொட்டு தூக்கலா இருக்கு."

அக்காவுக்கு மூக்கு விடைத்தது. துணியையும் கண்டையும் பறித்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனாள். வராந்தா முழுக்க அவள் செருப்புச் சத்தம் கேட்டது. படி இறங்குகிற சத்தம் கேட்டது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். இன்னும் கொஞ்சம் வெயில் மிச்சம் இருந்த நேரம்தான் அது.

திரும்பி வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. கையில் இருந்த கண்டை அலமாரியில் அதன் இடத்தில் வைத்தாள். பக்கத்தில் இருந்ததை எடுத்தாள். துணி மேல் வைத்தாள். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் வாங்க நிற்கிறவளைப் போலத் தம்பி மனைவியின் எதிரில் நின்றாள்.

இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கண்ணோடு எதைப் பார்த்தாளோ, புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஒழுங்காகப் பார்த்தாள்.

"ஆச்சு" என்றாள்.

தம்பி யார் சொன்னது என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அதான் ஆச்சுன்னு சொல்றாள்ல, வெட்டுடா" என்றாள் அக்கா. பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்து, இன்னும் அங்கே என்ன தவம் பண்ணுகிறாய், கடைசி லைட்டு கோணலாக இருக்கிறது, சரி பண்ணிவிட்டு இறங்கு என்றாள். கோணலாகத்தான் இருந்தது. சரி செய்தேன்.